தராசில் ஏறாத பாட்டி

பத்து நோயாளிகளின் சராசரி எடை ஆளுக்கு 150.3 கிலோ!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி குடித்த கையோடு, வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே இந்த அபூர்வமான கண்டுபிடிப்பை நான் செய்தேன். பீமசேனனும் கடோத்கசனும் பந்து மித்திரர்களுடன் நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து சீட்டு வாங்கியிருந்தாலொழிய இப்படி ஒரு சராசரி வருவதற்கு நியாயமே இல்லை. ஆயினும் என் மடியிலிருந்த கம்ப்யூட்டர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அந்த எண்ணைக் காட்டிற்று. புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் வேறே! நூற்றைம்பது என்று மட்டும் சொல்லியிருந்தால், ஏதோ உத்தேசமாகச் சொல்கிறது என்று விட்டிருப்பேன். புள்ளி மூன்று என்றதும் எனக்கே ஒரு கணம் அதனிடம் மரியாதை உண்டாகிவிட்டது.

விஷயம் இதுதான். என் சகோதரியின் பெண் வைத்தியப் பட்டம் பெற்று, மேற்கொண்டு சமூக மருத்துவம் படித்து வருகிறாள். மேல்பட்டத்துக்காக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டுமாம். அதன் பொருட்டு நீரிழிவு நோயாளிகள் இருநூறு பேரைக் கண்டு பேசி, வயது, எடை, இரத்த அழுத்தம், சர்க்கரையின் அளவு, சாப்பிடும் மாத்திரை முதலிய விவரங்களையெல்லாம் தாள்களில் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். விடுதியில் சத்தம் அதிகம் என்று, தாள்கட்டும் கம்ப்யூட்டருமாக எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள்.

"மாமா! முப்பது வருஷமாக வீட்டுக் கணக்கு எழுதுகிறவர் நீங்கள். முதல் பத்துத் தாள்களை மட்டும் ஏற்றிக் கொடுங்களேன்!" என்றாள்.

முகஸ்துதிக்கு மயங்காதவர் யார்? ஏற்றினேன். சராசரி கேட்கும் வழியையும் அவளே காட்டிக் கொடுத்தாள். மேலே சொன்ன விடை வந்தது. அவள் எட்டிப் பார்த்தாள், சிரித்தாள்.

"எட்டாவது தாளைப் பாருங்கள், மாமா!"

எட்டாவது தாள் எழுபத்திரண்டு வயதுப் பாட்டி ஒருத்தியுடையது. எடை என்ற இடத்தில் 999 என்று எழுதியிருந்தது. பாட்டிக்குப் பக்கவாதம் கண்டு ஒரு கால் விளங்கவில்லை. ஆகையால் தராசில் ஏறி நிற்க முடியவில்லை. எடை பார்க்க இயலாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது, 999 என்று எழுத வேண்டும் என்பது அந்தத் தாளின் விதி. காலியாக விட்டால் மறந்துபோய் விட்டதா, பார்க்க முடியவில்லையா என்று பின்னால் தெரியாதல்லவா? விதி நல்ல விதிதான். மற்ற ஒன்பது பேரின் எடையும் சேர்ந்து 504 கிலோ. அதனுடன் 999-ஐக் கூட்டினால் 1503. பத்தால் வகுத்தால் 150.3. கணக்கிலே எள்ளளவும் பிழை கிடையாது!

அவள் யந்திரத்துக்கு ஒரு வரி எழுதினாள்: 999 என்று எங்கே கண்டாலும் அது எடை அன்று, விவரம் கிடைக்கவில்லை என்று பொருள். மறு நொடியில் சராசரி 56 ஆகிவிட்டது. "அப்பாடா!" என்றேன் நான். அவள் அப்படிச் சொல்லவில்லை. எட்டாவது தாளின் ஓரத்தை மடித்துத் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அன்றிலிருந்து பத்து நாள் இந்தப் புள்ளியியல் மென்பொருள் என்பதைப் பற்றி அவளைக் கேட்டுக் கேட்டுத் தொந்தரவு செய்தேன். கேட்டதில் ஒரு பகுதியை நேயர்களுக்கும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. ஏனெனில் நாம் விழுங்கும் மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், நம் குழந்தைக்கு எந்த மாதத்தில் எந்த ஊசி என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கும் கணக்குகள் இன்று பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான் போய் வருகின்றன.

வைத்திய ஆராய்ச்சிக்கென்றே இப்படி ஒரு தொகுப்பை முதன்முதலில் உண்டாக்கியவர்களில் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா ஸர்வகலாசாலையார் முக்கியமானவர்கள். 1961-இல் வெளிவந்த அதற்குப் பி.எம்.டி. என்று பெயர். அட்டைகளில் துளையிட்டு விவரங்களை ஊட்டிய காலம் அது. 1968-இல் ஸ்டான்போர்டில் எஸ்.பி.எஸ்.எஸ். பிறந்தது; நம் ஊர் வைத்தியக் கல்லூரிகளில் இன்றைக்கும் அதற்குச் செல்வாக்கு உண்டு. அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு நிலையத்தார் எபி இன்ஃபோ என்ற ஒன்றை உலகத்துக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். என் மருமகள் உபயோகிப்பதற்கு 'ஆர்' என்று ஒற்றை எழுத்துப் பெயர். நியூஸிலாந்து தேசத்தில் ஆக்லாந்து ஸர்வகலாசாலையில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் 1990-களில் அதை உண்டாக்கினார்கள். இருவர் பெயருக்கும் முதலெழுத்து அதுவாயிருந்தது ஒரு காரணம். அதற்கும் காசு கிடையாது. காசில்லாமல் கிடைப்பது உருப்படியாயிராது என்ற என் நெடுநாளைய கொள்கையை இதனால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

முன்காலத்தில் குமாஸ்தாக்கள் வாரக் கணக்கில் உட்கார்ந்து கூட்டிக் கழித்ததை இவை கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடுகின்றன. ஆனால் ஒரு வித்தியாசம். குமாஸ்தா 999 என்ற எண்ணைக் கண்டால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இது என்ன, மனுஷியா, கோவில் யானையா?" என்று கேட்பார். யந்திரம் கேட்காது.

என்னுடைய 150.3 கிலோ ஒருவருக்கும் தீங்கு செய்திராது. பார்த்தவர் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவார்கள். பயப்பட வேண்டியது, பார்த்தால் சிரிப்பு வராத பிழைக்கு.

வைத்திய ஆராய்ச்சியில் மிகவும் மதிக்கப்படுவது இரண்டு கோஷ்டிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. அதற்கு உத்தமமான உதாரணம் நம் சென்னையிலேயே உண்டு. 1956-இல் இங்கே க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் ஏற்பட்டது. அக்காலத்தில் க்ஷயரோகம் என்றால் ஸானடோரியத்துக்குப் போய் நல்ல காற்றும் ஓய்வும் போஷாக்கான ஆகாரமும் பெற வேண்டும் என்பது சித்தாந்தம். ஆனால் படுக்கைகள் சொற்பம், நோயாளிகளோ லக்ஷக்கணக்கு. அந்த நிலையத்தார் 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு கோஷ்டியை ஸானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றக் கோஷ்டியை வீட்டிலேயே வைத்து வைத்தியம் செய்தார்கள். மருந்து இருவருக்கும் ஒன்றே. வீட்டிலிருந்தவர்கள் ஏழைகள், நெருக்கமான குடியிருப்பு, அரைகுறைச் சாப்பாடு. அப்படியிருந்தும் அவர்கள் குணமடைந்தது ஏறக்குறைய ஸானடோரியத்துக்காரர்களுக்குச் சமமாகவே இருந்தது என்று 1959-இல் அறிக்கை வெளிவந்தது. மென்பொருள் என்ற தமிழ்ச் சொல் பிறப்பதற்கு முந்திய காலம்! க்ஷயரோகிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகம் நம்பத் தொடங்கியதற்கு அந்த அறிக்கை ஒரு பெரிய காரணம்.

இத்தகைய ஒப்பீடு முழுவதும் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் எதிரே அவர் எந்தக் கோஷ்டி என்ற அடையாளம் சரியாக இருக்க வேண்டும். இந்நாளில் அந்த அடையாளத்தை 1 என்றும் 2 என்றும், அல்லது 0 என்றும் 1 என்றும் எண்ணாகவே எழுதுவது வழக்கம். யந்திரத்துக்கு எண்தான் சௌகரியம்.

இனி, அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நாள்பட்ட மூச்சடைப்பு நோயால் ஆஸ்பத்திரியில் வந்து படுத்தவர்கள் வீடு திரும்பிய பிறகு அடிக்கடி மறுபடியும் மூச்சு முட்டி ஓடி வருகிறார்கள். இதைக் குறைப்பதற்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் ஒரு யோசனை செய்தார்கள். விசேஷப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் மூன்று மாத காலம் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் துணையிருந்து, மருந்தை எப்படி உறிஞ்சுவது, மூச்சுத் திணறலின் முன்னறிகுறிகளை எப்படிக் கண்டுகொள்வது என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பது. மொத்தம் 240 நோயாளிகள். ஒரு கோஷ்டிக்கு இந்த நர்ஸு உதவி; மற்றதற்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதத்தில் இந்த நோயின் பொருட்டு ஆஸ்பத்திரிக்கோ அவசர சிகிச்சைக்கோ வந்தது சராசரியாக ஆளுக்கு எத்தனை தடவை? உதவி பெற்றவர்களுக்கு 0.72, பெறாதவர்களுக்கு 1.40. ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது! 2018-இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில் இது பிரசுரமாயிற்று. அதைவிடப் பெரிய மேடை வைத்திய உலகத்தில் அதிகம் கிடையாது.

மறு வருஷம், 2019 அக்டோபரில், அந்த ஆராய்ச்சியாளர்களே அதே பத்திரிகைக்கு எழுதினார்கள். கோஷ்டிகளை 1, 2 என்று குறித்து வைத்திருந்தார்களாம். கணக்குக்குச் சௌகரியமாக அதை 0, 1 என்று மாற்றும்போது, விவரங்களைத் தயார் செய்யும் நிரலில் எண்கள் தலைகீழாக மாறிப் போயிருந்தன. உதவி பெற்றவர்கள் பெறாதவர்களாகவும், பெறாதவர்கள் பெற்றவர்களாகவும் கணக்கில் ஏறிவிட்டார்கள்! திருத்திப் பார்த்தால் 1.40 என்பது உதவி பெற்றவர்களுடையது, 0.72 மற்றவர்களுடையது. எந்த முறை நோயாளிகளைக் காப்பாற்றுகிறது என்று பறைசாற்றினார்களோ, அந்த முறையில்தான் அதிகம் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். முதல் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொண்டு, திருத்திய கட்டுரையைப் பிரசுரித்தார்கள்.

இதிலே மென்பொருள் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. கூட்டல் சரி, வகுத்தல் சரி, தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வருமா என்று பார்க்கும் பரீட்சையும் சரி. படித்த யாருக்கும் சிரிப்பும் வரவில்லை. 0.72 என்பது நம்பக்கூடிய எண், 1.40 என்பதும் நம்பக்கூடிய எண். அதோடு எல்லாரும் ஆசைப்பட்ட விடையும் அதுவே. நர்ஸு வந்து அன்பாகச் சொல்லிக் கொடுத்தால் நோயாளிக்கு நன்மைதானே உண்டாகும் என்று நீங்களும் நானும் நினைப்போம். விரும்பாத விடை வந்திருந்தால் நூறு தடவை அடிக்கணக்கைச் சோதித்திருக்க மாட்டோமா? மளிகைக் கடைச் சீட்டில் கூட்டுத்தொகை நமக்கு லாபமாகத் தப்பியிருந்தால் எத்தனை பேர் அதை இரண்டாந் தடவை கூட்டிப் பார்க்கிறோம்? அந்த நிலையிலும் தங்கள் பிழையைத் தாங்களே வெளியிட்ட அந்த ஆராய்ச்சியாளர்களை நான் மனமார மெச்சுகிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் உலகம் 0.72-ஐ இன்றைக்கும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கும்.

இதைப் படித்துக் காட்டியபோது மருமகள் ஒரு விஷயம் சொன்னாள். மென்பொருளை இரண்டு விதமாக ஏவலாம். பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகப் பொத்தானைத் தட்டிக்கொண்டே போவது ஒரு விதம். செய்ய வேண்டியதையெல்லாம் வரி வரியாக எழுதி வைத்து அதன்படி நடத்துவது இன்னொரு விதம். முதலாவது சுலபம், ஆனால் நேற்றுத் தட்டியது என்ன என்று இன்று பிரம்மாவுக்கும் தெரியாது. இரண்டாவதில் சமையல் குறிப்புப்போல எல்லாம் எழுத்தில் இருக்கிறது. பால்டிமோரில் பிழை எழுத்தில் இருந்தபடியால்தான் அதை இன்ன இடம் என்று சுட்டிக்காட்ட முடிந்தது என்பது அவள் அபிப்பிராயம். புது மருந்துகளைச் சோதிக்கும் இடங்களில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பாராமல் தனித்தனியே நிரல் எழுதி, விடைகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் உண்டாம்.

மென்பொருளின் வேகத்தினாலேயே உண்டாகும் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கேள்வி கேட்பது அவ்வளவு சுலபமாகிவிட்டபடியால், மனிதர் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆண்களில் எப்படி, பெண்களில் எப்படி, அறுபதுக்கு மேல் எப்படி? தற்செயலாக நேரக்கூடியது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்றால் அதை உண்மை வித்தியாசமாகக் கொள்வது ஆராய்ச்சி உலகத்தின் வழக்கம். அப்படியானால், உண்மையில் வித்தியாசமே இல்லாத இருபது கேள்விகளைக் கேட்டாலும் சராசரியாக ஒன்றில் வித்தியாசம் இருப்பதாக விடை வந்துவிடும்.

இதைப் பகிரங்கமாகவே பரிகாசம் செய்த ஓர் ஆராய்ச்சி உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதைப் பற்றி ஆக்ஸ்போர்டு நிபுணர்கள் 16 தேசங்களில் 17,187 பேரை வைத்துச் சோதித்து, 1988-இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஐந்து வாரத்தில் இருதய, இரத்தக்குழாய் நோய்களால் நேரும் மரணம் ஆஸ்பிரினால் நூற்றுக்கு 23 பங்கு குறைந்தது. விடை ஸ்படிகம்போல் தெளிவாயிருந்தும், நோயாளிகளை வகை வகையாகப் பிரித்துக் காட்டும்படி பத்திரிகைக்காரர்கள் கேட்டார்களாம். அவர்களும் சளைக்காமல், நோயாளிகளின் ஜன்ம ராசிப்படி பிரித்துக் காட்டினார்கள்! மிதுனம், துலாம் ஆகிய இரண்டு ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுக் கெடுதல். மற்றப் பத்து ராசிக்காரர்களுக்கு அமோக நன்மை என்று விடை வந்தது. பிரித்துக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும் என்று காட்டுவதே அவர்கள் நோக்கம்.

எங்கள் வீட்டில் துலா ராசிக்காரர் ஒருவர் உண்டு. கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர், "அப்படியானால் எனக்கு அந்த மாத்திரை வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேல்நாட்டார் ராசி பார்ப்பது சூரியனை வைத்து, நாம் பார்ப்பது சந்திரனை வைத்து, ஆகையால் அந்தத் துலாம் வேறு இந்தத் துலாம் வேறு என்று எவ்வளவோ விளக்கினேன். பயனில்லை. நேயர்கள் அந்த மாத்திரை விஷயத்தை ராசியிடமும் விடவேண்டாம், என்னிடமும் விடவேண்டாம், வைத்தியரிடம் விடுங்கள்.

எக்ஸெல் என்ற கணக்குத் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆராய்ச்சிக்கென்று பிறக்காவிட்டாலும், ஆராய்ச்சி விவரங்களில் பெரும்பகுதி அதில்தான் முதலில் குடியேறுகிறது. அதற்கு அதிகப்பிரசங்கித்தனம் ஜாஸ்தி. மனித உடலின் ஜீன்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்2 என்று சுருக்கப் பெயர்கள் வைத்திருந்தார்கள். எக்ஸெல் அவற்றைத் தேதிகள் என்று எண்ணிக்கொண்டு மார்ச் முதல் தேதி, செப்டம்பர் இரண்டாந் தேதி என்று மாற்றிக்கொண்டே வந்தது. இத்தகைய ஜீன் பட்டியல்களோடு வெளியான கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016-இல் சிலர் கண்டுபிடித்தார்கள். கடைசியில் யார் விட்டுக்கொடுத்தது தெரியுமா? 2020-இல் ஜீன்களுக்கே பெயர் மாற்றம் செய்துவிட்டார்கள்! அதே வருஷம் இங்கிலாந்தில், பழைய மாதிரி எக்ஸெல் தாளில் வரிசைகளுக்கு ஓர் எல்லை உண்டென்பதைக் கவனியாததால், கொரோனா கண்ட 15,841 பேரின் விவரங்கள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து எச்சரிக்கும் வேலையும் அதனால் தாமதப்பட்டது.

இனி, எட்டாவது தாளுக்கு வருவோம்.

அதை ஏன் மடித்து வைத்தாய் என்று மருமகள் ஊருக்குப் புறப்படுகிற அன்று கேட்டேன்.

"மாமா, 150.3 வந்தபோது தப்பு என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. 56 வந்ததும் சரி என்று நினைத்துவிட்டீர்கள். ஆனால் அந்த 56-இல் பாட்டி இல்லையே! தராசில் ஏறி நிற்க முடிந்தவர்களின் சராசரிதானே அது? நிற்க முடியாதவர்கள் யார்? வயதானவர்கள், கால் போனவர்கள், நோய் முற்றி மெலிந்தவர்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, நீரிழிவு நோயாளிகளின் எடை இன்னதென்று நான் எப்படி எழுதுவது? விவரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் யந்திரம் ஒதுக்கிவிடும். யாரை ஒதுக்கினோம் என்று அதற்குத் தெரியாது."

இருநூறு தாள்களில் இப்படிப் பன்னிரண்டு 999 இருந்தனவாம். பன்னிரண்டையும் ஓரம் மடித்துத் தனிக் கட்டாகக் கட்டிக்கொண்டு போனாள்.

சென்ற வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவில், நோயாளியைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி நிறுத்தி, பிறகு நாற்காலியின் எடையைக் கழித்துக்கொள்ளும் தராசு ஒன்று இருக்கிறதாம். மருந்து வாங்க வந்த பாட்டியை அங்கே தள்ளிக்கொண்டு போய் நிறுத்துப் பார்த்தாளாம்.

"எவ்வளவு?" என்றேன்.

"நாற்பத்தொரு கிலோ, மாமா. உங்கள் பத்துப் பேரின் சராசரி இப்போது 54.5. பாட்டியின் பெரிய டாக்டரிடமும் சொல்லிவிட்டேன்; இவ்வளவு மெலிந்திருப்பது அவருக்கும் தெரியாது. மாத்திரைகளை மறுபடி பார்க்கிறேன் என்றார்."

இன்னும் பதினொரு தாள் பாக்கி இருக்கிறதாம்.